வீட்டுக்குக் கிரீஸ் போட்ட கடையாணி

உலகத்திலேயே, தான் குடியிருந்த வீட்டுக்குக் கிரீஸ் போட்ட ஒரே மனிதன் எங்கள் கடையாணிதான். வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தவர்களைப் பார்த்திருப்பீர்கள். சாணி மெழுகினவர்களைப் பார்த்திருப்பீர்கள். அமாவாசைக்கு அமாவாசை வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, பேரிங்கை மண்ணெண்ணெயில் குளிப்பாட்டி, புதுக் கிரீஸை அப்பி, மறுபடி மாட்டி, ஒரு சுற்று சுற்றிவிட்டுக் கும்பிட்டவனைப் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் பார்த்தேன். அந்த வீடு வருஷக்கணக்காக நின்ற இடத்தை விட்டு ஒரு சாண் கூட நகரவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதைச் சொல்ல எனக்கென்ன யோக்கியதை என்று கேட்கலாம். நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். இன்று என் பெயரை நெற்றியில் எழுதிக்கொண்டு ஓடும் லாரிகள் எத்தனை என்று சொன்னால் தற்பெருமை என்பீர்கள். சொல்லாமல் விட்டால் என் பிள்ளைகள் கோபித்துக்கொள்வார்கள். அதனால் விட்டுவிடுகிறேன். ஐம்பதுகளில் எனக்கு இருந்ததெல்லாம் ஓசூரில் பெங்களூர் ரோட்டு ஓரமாக ஒரு தகரக் கொட்டகை, பட்டாளத்தில் கழித்துப்போட்ட ஒரு ஜீப், இந்த இரண்டு கைகள். ஓசூருக்கும் ஜூஜுவாடிக்கும் நடுவில் எந்த வண்டி நின்றாலும் "மேஸ்திரியக் கூப்பிடு" என்பார்கள். அந்த மேஸ்திரி நான்தான்.

கடையாணிக்கு அப்பா அம்மா வைத்த பெயர் என்னவோ, எனக்குத் தெரியாது. மாட்டு வண்டிச் சக்கரம் கழன்று விழாமல் அச்சு நுனியில் ஓர் ஆணி செருகுவார்களே, அதுதான் கடையாணி. அந்த ஆணி ஒன்றை அவன் எப்போதும் அரைஞாணில் செருகியிருப்பான். முதுகு சொரிவதற்கும் அதுதான், தேங்காய் உரிப்பதற்கும் அதுதான், பேச்சுக்கு நடுவே எதிராளியைச் சுட்டிக்காட்டவும் அதுதான். ஆள் ஒல்லி, மீசை பெரிது. சிரித்து நான் பார்த்ததில்லை. சக்கரத்தைப் பற்றித் தவிர வேறு எதற்கும் வாயைத் திறக்க மாட்டான்.

தளிப் பக்கம் தோட்டம் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரரிடம் அவன் வண்டிக்காரனாக இருந்தான். துரை ஊருக்குக் கிளம்பும்போது தட்டுமுட்டுச் சாமான்களை ஏலம் விட்டார்கள். நாற்காலிக்கும் துப்பாக்கிக்கும் ஜனங்கள் அடித்துக்கொண்டார்கள். மூலையில் நின்ற வண்டி வீட்டை ஒருவரும் சீந்தவில்லை. இரண்டு சக்கரம், தகர உடம்பு, நாலு ஜன்னல், உள்ளே மடக்குக் கட்டில். மோட்டாருக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு துரை வேட்டைக்குப் போகிற வீடு அது. கடையாணி தன் ஜோடி மாட்டையும் விற்று அதை வாங்கினான்.

"மாட்ட வித்துட்டு வண்டி வாங்குனவன் நாட்டுலயே நீ ஒருத்தன்தான்யா! நீயும் உம் பொண்டாட்டியுமா இழுத்துக்கினு போவப் போறீங்க?" என்று ஏலக் கூட்டமே சிரித்தது.

"சிரிங்க சாமி. குடிசையக் கட்டறதுக்குப் பத்து நாளு ஆவுது. பிரிக்கறதுக்கு ஒரு வார்த்த போதும். இத எவன் வந்து பிரிப்பான்?" என்றான் அவன்.

அப்புறம் சிரிப்பு அடங்கிவிட்டது. ஊருக்குள் இடம் கேட்க முடியாத கூலிக் குடும்பம் அவனுடையது. தோப்பு ஓரத்தில் குடிசை போட்டால், மாங்காய் காணவில்லை என்று போகச் சொல்வார்கள். ஏரிக்கரையில் போட்டால், தண்ணீர் வருகிறது என்று போகச் சொல்வார்கள். ரோட்டோரம் போட்டால், ரோடு வருகிறது என்பார்கள். கல்யாணமான நாளிலிருந்து அவன் பெண்டாட்டி ராமக்கா அடுப்பு போட்டுப் போட்டுக் கலைத்தது எத்தனை முறை என்று அவளுக்கே தெரியாது. 'போ' என்ற சொல்லை இனி ஒருவன் வாயிலிருந்தும் கேட்பதில்லை என்பது அவன் சபதம். அதற்குத்தான் சக்கரம் வைத்த வீடு. எவனாவது தொண்டையைச் செருமினால், அவன் வாயைத் திறப்பதற்குள் வீடு கிளம்பியிருக்க வேண்டும்.

தளியிலிருந்து அதை இழுத்து வந்தது என் ஜீப். புறப்படும் முன் அவனே சக்கரத்துக்கு வேலை பார்த்து வைத்திருந்தான். வண்டி மையை அள்ளி அப்பியிருந்தான். விளக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்து மாட்டு வண்டி அச்சுக்குப் போடுவார்களே, அந்த மை. பேரிங் என்பது உருண்டு ஓடுகிற சாமான். அதற்குள் கரியைப் போட்டால் என்ன ஆகும்? ஒரு மைல் போவதற்குள் நூறு மயில் சேர்ந்து அகவுகிற மாதிரி சத்தம் வந்தது. நிறுத்தி, எல்லாவற்றையும் கழுவி, என்னிடமிருந்த கிரீஸைப் போட்டு, நட்டை முடுக்குகிற வேலையை மட்டும் அவனிடம் விட்டேன். மறுபடி ஓட்டினேன். மத்திகிரி தாண்டுவதற்குள் சக்கரத்தின் நடுவிலிருந்து புகை கிளம்பியது.

"யோவ், எவ்வளவுய்யா இறுக்கின?"

"எம் பலம் மொத்தமும் போட்டு இறுக்கினன் மேஸ்திரி."

"முழுக்க இறுக்கிட்டு, அப்புறம் ஒரு துளி தளத்தி வுடணும்யா. அப்பத்தான் உருளும்."

அவன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "தளத்தறதா? கழண்டு போவக் கூடாதுன்னு ஆயுசு பூரா ஆணி அடிச்சவன் நானு. நானே எங்கையால தளத்தணுமா?"

"தளத்து."

கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, நட்டைப் பின்பக்கமாக ஒரு நூல் திருப்பினான். அதற்கே அவன் நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. அதன்பிறகு வீடு பூப்போல வந்தது.

அதைக் கொண்டுவந்து நிறுத்தியது ஓசூர் தாண்டி, பெரியவர் முனியப்பாவின் நிலத்து ஓரம், ஒரு புளியமரத்தடியில். முனியப்பா அதிர்ந்து பேசாத சம்சாரி. "இருந்துட்டுப் போ" என்றார். 'இரு' என்று சொல்லியிருந்தால் கடையாணி நிம்மதியாகத் தூங்கியிருப்பான். கூடவே 'போ' என்றும் சொல்லிவிட்டாரே! அன்றைக்கு ஆரம்பித்தது அமாவாசைக் கிரீஸ்.

அமாவாசை அன்று காலையில் கிழக்குச் சக்கரம், மத்தியானம் மேற்குச் சக்கரம். ஒரு பக்கம் ஜாக்கி ஏறினால் வீடு மறுபக்கம் சாயும். ராமக்கா அதற்கேற்ற மாதிரி சமையல் பழகிக்கொண்டாள். "எங்க வூட்ல காலைல ரசம் மேக்க நிக்கும், மத்தியானம் கெழக்க நிக்கும்ணா. சட்டிய மட்டும் நான் திருப்பித் திருப்பி வெச்சுக்கணும்" என்பாள். உள்ளே கட்டிலில் விருந்தாளி யாராவது படுத்திருந்தால், எழுந்திருக்கும்போது எதிர்ச் சுவரில் இருப்பார்.

கிரீஸை உள்ளங்கையில் எடுத்து, பேரிங்கின் விளிம்பை அதில் அழுத்தி அழுத்தி, மறுபக்கம் புழு மாதிரி பிதுங்கி வரும்வரை விடமாட்டான். அப்புறம் சக்கரத்தைக் கையால் ஒரு தட்டு தட்டுவான். அது சுற்றிக்கொண்டே இருக்கும். அது நிற்பதற்குள் ஒரு பீடி முடிந்துவிடும். அவன் கை சும்மா இருக்காது. ராமக்காவின் திருகைக்குக் கிரீஸ், கிணற்று உருளைக்குக் கிரீஸ், முனியப்பா வீட்டுத் தொட்டில் கொக்கிக்குக் கிரீஸ். ஒருமுறை பக்கத்துக் கிராமத்துச் சின்னத் தேருக்குப் புண்ணியம் தேடி நாலு சக்கரத்துக்கும் போட்டுவிட்டான். மறுநாள் வடம் பிடிக்க ஊர் கூடுவதற்குள், தேங்காய் உடைத்த அதிர்ச்சியிலேயே தேர் தானாகப் புறப்பட்டுவிட்டது. பூசாரி கற்பூரத் தட்டோடு பின்னாலேயே ஓடினார். "சாமிக்கே அவசரம், நான் என்னா பண்றது?" என்றான் கடையாணி, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

அந்தக் காலத்தில் நம் பக்கம் மதுவிலக்கு. மைசூர்ப் பக்கம் கடை உண்டு. எல்லையில், ஜூஜுவாடியில் ஒரு சோதனைச் சாவடி போட்டு வருகிற போகிற வண்டியையெல்லாம் குடைவார்கள். கடையாணி பெங்களூரிலிருந்து பெரிய டின் நிறையக் கிரீஸ் வாங்கி என் ஜீப்பில் வைத்துக்கொண்டு வந்தான். புதிதாக வந்த ஒரு போலீஸ்காரர் டின்னைச் சந்தேகப்பட்டார்.

"உள்ள என்னாயா?"

"கிரீஸ் சாமி."

"மேல கிரீஸ். அடியில?"

"அடியிலயும் கிரீஸ் சாமி."

"எங்களுக்குத் தெரியாதாக்கும்!" என்று சட்டைக் கையை மடித்து, முழங்கை வரை உள்ளே விட்டார். அப்புறம் தோள் வரை விட்டார். அடியில் விரல் தட்டியதும் முகம் மாறிப்போனது. கடையாணி அவர் கையைப் பிடித்து, ஒரு பொட்டுக் கிரீஸ் வீணாகாமல் வழித்து வழித்து டின்னிலேயே திரும்பச் சேர்த்தான். விரல் இடுக்கைக்கூட விடவில்லை. பாதி ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு அந்தப் போலீஸ்காரர் என் ஜீப்பைத் தூரத்தில் கண்டாலே தடையைத் தூக்கிவிடுவார்.

இப்படியே வருஷங்கள் போயின. ஒருநாள் நான் போனபோது ராமக்கா ஜன்னலடியில் அவரை விதை ஊன்றி, கொடியை மேலே ஏற்றிவிட்டிருந்தாள். முனியப்பாவின் மகள் லட்சுமியை முன்னால் உட்காரவைத்துத் தலை பின்னிவிட்டுக்கொண்டிருந்தாள். தினமும் வருகிற பெண்தான். அவள் போனதும் ராமக்கா என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள்:

"அண்ணா, இந்த எடத்த வுட்டு மட்டும் போவக் கூடாதுண்ணா. இங்கதான் மொத மொத வெத வெச்சு, அது காச்சு, நான் பறிச்சிருக்கன். இவரு சக்கரத்தத் தட்றப்பல்லாம் நான் ஓடியாந்து இந்தக் கொடியப் புடிச்சுக்கறன்."

அதற்கு அடுத்த அமாவாசை. நான் ஜாக்கியைத் திரும்ப வாங்கப் போயிருந்தேன். சாயங்காலம் முனியப்பா வந்தார். கொடுத்த மோரைக் குடித்தார். வானத்தைப் பார்த்தார். வண்டி வீட்டை மேலும் கீழும் பார்த்தார். அதன் பக்கமாக நடந்து, காலால் எதையோ அளந்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"ஏம்ப்பா... இந்தச் சக்கரம்லாம் இன்னம் ஓடுமா?"

கடையாணியின் கையிலிருந்த கந்தல் துணி அப்படியே நின்றது. "ஓடுங்கய்யா."

"அப்பச் சரி. ஒரு விசயம் சொல்லணும்னு வந்தேன்..." என்று இழுத்தவர், அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "காலைல வந்து பேசறேன்" என்று எழுந்து போய்விட்டார்.

மறுநாள் விடிந்ததும் கடையாணி என் கொட்டகை முன்னால் நின்றான்.

"ஜீப்ப எடு மேஸ்திரி."

"போவச் சொல்லிட்டாராயா?"

"சொல்லல. சொல்ல வந்தாரு."

ராமக்கா வாசலில் நின்று அழவில்லை, கத்தவில்லை. "வாயத் தொறந்து சொல்லட்டும்யா. சொன்ன பெறகு போலாம்" என்று மட்டும் சொன்னாள்.

"அந்த வார்த்தைய நான் காதுல வாங்க மாட்டன். அவரு நல்ல மனுசன். அவரு வாயால வேணாம்" என்றான் அவன்.

ஜீப்பையும் வீட்டையும் சேர்க்கிற கொண்டியை மாட்டினேன். ராமக்கா உள்ளே ஏறி உட்கார்ந்தாள். கடையாணி ஜீப்பில் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து, சக்கரத்தின் மேல் கண்ணை வைத்துக்கொண்டான். மெதுவாக எடுத்தேன். அவரைக் கொடி ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் கூடவே வந்தது. அப்புறம் அறுந்தது.

எத்தனையோ வண்டியை இழுத்திருக்கிறேன். அன்றைக்கு மாதிரி ஓர் இழுவை எனக்கு வாய்த்ததில்லை. பின்னால் ஒரு வீடு வருகிறது என்ற எண்ணமே வரவில்லை. நிழல் வருகிற மாதிரி வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "வேகமாப் போ மேஸ்திரி" என்றான்.

"ஏன்யா, பின்னாடி யாராச்சும் வராங்களா?"

"யாருமில்ல. நீ போ."

எனக்குக் கண்ணாடியில் தெரிந்தது வீட்டின் தகரம் மட்டும்தான். நடந்ததை ரோட்டோரத்து டீக்கடைக்காரர்கள் பிறகு சொன்னார்கள். முனியப்பா, அறுபது வயது மனிதர், பக்கத்து வீட்டுச் சைக்கிளில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மிதித்து வந்திருக்கிறார். ஒரு கையில் துண்டை வீசிக்கொண்டே தமிழில் "நில்லுப்பா" என்று கத்தினாராம். தெலுங்கில் "ஆகு, ஆகு" என்றாராம். கன்னடத்தில் "நில்லோ மாராயா" என்றாராம். மூன்று பாஷையும் எங்கள் சக்கரத்தைப் பிடிக்க முடியவில்லை. சாதாரணப் பேரிங்காக இருந்திருந்தால் அரை மைலில் பிடித்திருப்பார். ஜூஜுவாடிச் சாவடியிலாவது நிற்போம் என்று நம்பினாராம். அங்கே அந்தப் போலீஸ்காரர் எங்களைக் கண்டதும் தடையைத் தூக்கிவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒதுங்கிவிட்டார்.

சாவடி தாண்டிய பிறகு பின்னால் 'டங்' என்று ஒரு சத்தம் கேட்டது. அப்புறம் 'டங்கு டங்கு' என்று ஏதோ உருண்டது. இன்னொரு 'டங்'. பேரிங்தான் போயிற்று என்று பிரேக்கை மிதித்தேன்.

பேரிங் இல்லை. ராமக்கா. பின் ஜன்னல் வழியாக அவள் வீட்டுப் பாத்திரங்களை ஒவ்வொன்றாக ரோட்டில் எறிந்துகொண்டிருந்தாள். முனியப்பா துரத்தி வருவதைக் கண்டு கத்திப் பார்த்திருக்கிறாள், ஜீப் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. குண்டான் போயிற்று, கரண்டி போயிற்று, தோசைக்கல் போயிற்று. பித்தளைக் குடம் தூரத்தில் உருண்டு கிடந்தது. அதைப் பொறுக்கி எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, சைக்கிளைத் தள்ளியபடி முனியப்பா வந்தார்.

வந்தவருக்கு மூச்சு வாங்கி முடிக்கவே நேரம் ஆயிற்று.

"எங்கய்யா... கெளம்பிட்ட?"

"நீங்க சொல்றதுக்கு முன்னயே காலி பண்ணிட்டங்கய்யா. உங்களுக்கு அந்தச் சங்கடம் வேணாம்."

"என்னா சொல்றதுக்கு?"

"போன்னு."

முனியப்பா குடத்தைக் கீழே வைத்தார். "அடப்பாவி! லச்சுமிக்கு இப்பத்தான் கண்ணாலத்துக்கு நாள் வெச்சிருக்குதுய்யா. பந்தலுக்கு எடம் பாத்தேன். உன் வண்டியோட ஒரு மூல பந்தக்குள்ள வருது. ஒரு ரெண்டு மொழம் தள்ளி வெச்சுக்கன்னு சொல்லலாம்னு வந்தேன். உம் மொகத்தப் பாத்ததும் கேக்க வாய் வரல. ரெண்டு மொழம்யா! நீ மைசூர் ராஜ்ஜியத்துக்கே வந்துட்ட!"

நான் சிரித்தேன். கூட யாரும் சிரிக்கவில்லை. நானும் நிறுத்திக்கொண்டேன்.

"இந்தப் பொண்ணு வேற, ராமக்கா வந்து தல பின்னுனாத்தான் மணையில உக்காருவேன்னு நிக்குது" என்றார் முனியப்பா, யாரிடம் என்றில்லாமல்.

ராமக்கா இறங்கி வந்தாள். குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். புருஷனை ஏறிட்டுப் பார்க்கவில்லை. ஓசூர்ப் பக்கமாக நடக்க ஆரம்பித்தாள். வழியில் கிடந்த கரண்டியைக் குனிந்து எடுத்தாள். குண்டானை எடுத்தாள். நடந்துகொண்டே இருந்தாள்.

கடையாணி சக்கரத்தண்டை போய்க் குந்தினான். நடுவில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். அவ்வளவு வேகத்தில் வந்தும் அது சுடவில்லை என்பது அவன் கையை எடுக்காமல் இருந்ததிலேயே எனக்குத் தெரிந்தது. அவன் காதுக்கு 'போ' என்பது ஒருவர் சொல்லித்தான் கேட்க வேண்டும் என்பதில்லை. ஒரு செருமல் போதும். அந்தக் காதை யார் அப்படிப் பழக்கினார்கள் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வாய் அடைத்துப்போகும். நான் எளிதில் வாய் அடைக்கிற ஆள் இல்லை.

ராமக்கா சாவடியை நெருங்கிவிட்டாள். அப்போதுதான் அவன் எழுந்தான்.

"ஐயா, எந்தப் பக்கம் ரெண்டு மொழம்?"

"ஏரிப் பக்கம்யா."

"திருப்பு மேஸ்திரி" என்றான்.

புளியமரத்தடிக்கு வந்து சேர்ந்ததும், நேராகப் புது இடத்திலேயே விட்டுவிடலாம் என்று நான் ஏரிப் பக்கமாக ஒடித்தேன். அவன் ஜீப்புக்கு முன்னால் வந்து நின்றுகொண்டான்.

"மொதல்ல இருந்த எடத்துல வுடு. அங்கேருந்துதான் ரெண்டு மொழம். அவரு கேட்டது அதுதான்."

பழைய தடத்திலேயே அச்சுப் பிசகாமல் விட்டு, கொண்டியைக் கழற்றினேன். முனியப்பா வீட்டு ஆட்கள் வந்தார்கள். பந்தல்காரர்கள் வந்தார்கள். கல்யாணப் பெண் லட்சுமியும் வந்து நின்றாள். ஆளுக்கு ஒரு பக்கம் கை வைத்தார்கள். முனியப்பா தன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கடையாணியின் தோளோடு தோள் இடிக்க நின்று தகரத்தில் கை வைத்தார். ராமக்கா முன்னால் நின்று "இன்னங் கொஞ்சம், இன்னங் கொஞ்சம்" என்று கை காட்டினாள்.

நான் ஜீப்பை ஓரங்கட்டிவிட்டு இறங்கிப்போய், நடுவில் இடம் பிடித்து என் கையையும் வைத்தேன். தள்ள வேண்டிய அவசியமே இல்லை. அந்தச் சக்கரத்துக்கு ஒரு விரல் போதும். ஆனாலும் கையை எடுக்க மனம் வரவில்லை.